மெருகேறாத பானை

சிரஞ்சீவி பேரனுக்கு,

கார்த்திகை ஈரத்தில் நட்ட மாங்கன்றைச் சித்திரை வெயிலில் எவ்விதம் காப்பாற்றுவது என்று கேட்டு எழுதியிருந்தாய். நீர் வார்க்கும் முறையை மரத்தின் சுபாவமும் வயதுமே நிர்ணயிக்கின்றன. நம் ஊர்ப் பழமலைநாதர் கோயிலின் தல விருட்சமான வன்னி, ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும் ஜாதி. நம் செம்மண் மேட்டு முந்திரியும், முதல் இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டால், மழையை நம்பியே காய்த்துவிடும். வளர்ந்த மாமரத்துக்கோ அடிமரத்தில் குடம் குடமாகக் கொட்டுவது வீண் பிரயாசை. நீரை உறிஞ்சும் சிறுவேர்கள் பெரும்பாலும் கிளைநிழலின் விளிம்பையொட்டிப் பரவியிருப்பதால், அங்கேதான் வட்டப்பாத்தி கட்ட வேண்டும். தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் உத்தமம்.

உன்னைப்போல் ஒன்றிரண்டு கன்று வைத்திருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, புதைத்த மண்பானை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய முதல் நூற்றாண்டிலேயே சீன தேசத்து வேளாண்மை ஆசிரியர் ஃபான் ஷெங்-சி இதை விவரித்திருக்கிறார். பானையைச் சுற்றியுள்ள மண் காய்ந்திருக்கும்போது, அம்மண்ணே பானைச் சுவரின் நுண்துளைகள் வழியாக நீரை இழுத்துக்கொள்கிறது. மண் நனைந்ததும் இழுப்புத் தணிந்து கசிவும் குறைகிறது. கன்றின் தாகத்துக்குத் தக்கபடி தானே அளந்து ஊட்டும் இந்த நேர்த்தியை எண்ணி நான் ஆச்சரியப்படாத கோடையில்லை.

ஆனால், பீங்கான் தொழிலுக்குப் பேர்போன நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் மெருகிட்ட ஜாடி இதற்கு உதவாது. மிகுந்த உஷ்ணத்தில் சுடுவதால் அதன் களிமண் கண்ணாடித்தன்மை பெற்று இறுகிவிடுகிறது. மேலே பூசிய மெருகும் மிச்சத் துளைகளை அடைத்துவிடுகிறது. ஊறுகாய்க்கு அது குணம். வேருக்கு அதுவே தோஷம். ஆகையால் குயவரிடம் சென்று, வர்ணம் பூசாத, தணிந்த சூட்டில் வெந்த பானையாக வாங்கு. நீர் நிரப்பி ஓர் இரவு திண்ணையில் வைத்துப் பார். விடியலில் அதன் வெளிப்புறம் முழுவதும் ஒரே சீராக வியர்த்திருந்தால் ஏற்றது, ஓரிடத்தில் மட்டும் தாரையாக ஒழுகினால் அது விரிசல்.

கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளி, கழுத்துவரை புதைத்து, கொசு முட்டையிடாதபடி மூடியால் மூடி, சுற்றிலும் சருகு பரப்பு. உப்புநீர் ஊற்றினால் துளைகள் நாளடைவில் அடைபடும். நல்ல நீரே வார். நீர் பாதியாகும்போதெல்லாம் நிரப்பி வந்தால் போதும். அடுத்த கோடைக்குள் வேர் பரவியிருக்கும். பழைய பானையைப் பெயர்க்காமல், இன்னும் ஒரு முழம் வெளியே புதிதாக ஒன்றைப் புதைத்துவிடு.

இப்படிக்கு,
தாத்தா