கோப்பின் திகதியும் படத்தின் திகதியும்



ஸ்தவாங்கரில் எமது பாடசாலையின் இணையப் பக்கத்துக்காக, பழைய படங்களைத் திகதி வரிசையில் காட்டும் சிறு நிரல் ஒன்றை 2024ஆம் ஆண்டு எழுதினோம். நாம் வன்னியில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், 2003இல் எடுக்கப்பெற்ற வகுப்புப் படம் ஒன்றையும் ஸ்கான் செய்து சேர்த்தோம். மறுவாரம் மாணவி ஒருத்தி, "சேர், இந்தப் படத்தின் கீழ் 2024 என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் மிகவும் இளமையாக இருக்கிறீர்களே?" என வினவினாள். பிழை எம்முடையதே. அதன் காரணத்தை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை உண்டு. அதுபோலக் கணனியும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதனை 'ஐநோட்' என்பர். கோப்பின் அளவு, உரிமையாளர், படிக்கவும் எழுதவும் அனுமதி பெற்றோர், நேரங்கள் ஆகியன அதில் உள. கோப்பின் பெயர் மட்டும் அதில் இல்லை. அது கோப்புறையில் எழுதப்பட்டிருக்கும்.

வழங்கியில் இயங்கும் நிரல், கோப்பைத் திறவாமலே 'ஸ்டாட்' என்னும் அழைப்பினால் இவ்விவரங்களைக் கேட்டுப் பெறுகிறது. பி.எச்.பி. மொழியில் அளவை அறிய 'ஃபைல்சைஸ்', இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தை அறிய 'ஃபைல்எம்டைம்' என்பன உள. நேரமோ 1970 சனவரி 1ஆம் திகதி முதல் எண்ணிய விநாடிகளாகக் கிடைக்கும். 86,400 எனில், கிரீனிச் நேரப்படி அது சனவரி 2இன் தொடக்கம்.

எமது நிரல் இந்நேரத்தையே கேட்டது. அட்டையும் பொய் கூறவில்லை. கோப்பு எழுதப்பட்டது 2024இலேதான். படம் எடுத்த ஆண்டை அது அறியாது. 'சீடைம்' என்பதைக் கோப்புத் தோன்றிய நேரம் எனச் சிலர் மயங்குவர். லினக்சில் அது அட்டையின் விவரம் இறுதியாக மாறிய நேரமே. கோப்பை வேறிடத்துக்குப் படியெடுத்தாலோ புதிய அட்டை எழுதப்படும். நேரத்தைப் பேணுமாறு பணிக்காவிடில், படியெடுத்த நாளே அதன் திகதியாகிவிடும்.

இது சிறு பிழையன்று. அவ்வகுப்பின் வரவு இடாப்பு இடப்பெயர்வில் அழிந்துபோயிற்று. படத்தில் இருப்போர் சிலர் இன்று இல்லை. அவர்கள் ஒன்றாய் அமர்ந்திருந்த ஆண்டுக்கு இப்படமே சான்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு ஆகியன தனியே பதியப்படுகின்றன. நாமும் அவ்வழியே சென்றோம். படத்தின் ஆண்டைக் கோப்பின் பெயரிலும், இடத்தையும் ஆட்பெயர்களையும் ஒரு பட்டியலிலும் எழுதி, நிரல் அவற்றையே படிக்குமாறு திருத்தினோம்.

பயிற்சி: மாணவர்களே, வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். எப்போது, எங்கே, யார் யார் என அம்மாவிடமோ அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுதி வாருங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது அருகிருந்து சொல்லுங்கள். கணனி அறியாத விடை உங்களிடமே உள்ளது.