ஒரு எல்ம் மரமும் ஒரு நகரசபையின் வாக்கும்



அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒன்றைச் செய்யும்படி உத்தரவிடுகிறார்கள். தெருவில் குடியிருக்கும் ஜனங்களுக்கு அது தகாததாகத் தோன்றுகிறது. அப்போது அமைதியான குடும்பஸ்தர்கள் எதுவரை போகலாம்? இதைப் பொதுவாகப் பேசினால் வாதம் வளருமேயொழிய வெளிச்சம் பிறக்காது. ஆகையால் இவ்வாரப் பாடத்துக்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சங்கதியை எடுத்துக்கொள்வோம்.

ஷெஃபீல்ட், கத்திகளுக்கும் எஃகுக்கும் பேர்போன நகரம். அங்கே செல்சீ ரோட்டின் ஓரத்தில் நூறு வயதைத் தாண்டிய எல்ம் மரம் ஒன்று உண்டு. நம் ஊர்ப்புறங்களில் ஆயா என்று சொல்லும் மரம் இதற்குத் தூரத்து உறவு. 1970-களில் ஒரு பூஞ்சைநோய் வண்டுகளின் மூலம் பரவி, பிரிட்டனில் கோடிக்கணக்கான எல்ம் மரங்களைக் கொன்றது. செல்சீ ரோட்டு மரம் தப்பியது. எல்ம் இலையைத் தவிர வேறொன்றையும் தின்னாத புழுவிலிருந்து பிறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி, இறகின் அடியில் வெள்ளைக்கோடு உடையது, இதையே அண்டி வாழ்ந்தது. நோய் விட்டுவைத்த மரத்துக்கு ஆபத்து காகிதத்தின் வழியாக வந்தது.

2012-ல் நகரசபை, தெருக்களைச் செப்பனிட ஒரு கம்பெனியோடு 25 வருஷக் கண்டிராக்ட் செய்துகொண்டது. தொகை 200 கோடி பவுனுக்கு மேல். நகரத் தெருக்களில் ஏறக்குறைய 36,000 மரங்கள் இருந்தன. அவற்றில் 17,500-ஐ நீக்கிப் புதுக் கன்று வைப்பது என்ற எண் அந்தக் கண்டிராக்டில் இருந்தது. பட்டுப்போனதும் நோய்ப்பட்டதும் மட்டுமல்ல, வேரால் நடைபாதைக் கல்லைத் தூக்கிய மரமும் குற்றவாளி. செல்சீ ரோட்டு எல்ம் மரத்தின் குற்றம் இந்த வகையே.

நகரசபையின் கட்சியையும் நியாயமாய்ச் சொல்லவேண்டும். கண் தெரியாதவர் கால் இடறி விழுவதும், சக்கர நாற்காலியில் போகிறவர் நடைபாதை கிடைக்காமல் வண்டிகளுக்கு நடுவே இறங்குவதும் அற்ப காரியமல்ல. ஆனால் வேரைச் சுற்றி மெல்லிய ஓரக்கல் பதிப்பது, வளைந்துகொடுக்கும் தளம் போடுவது முதலான உபாயங்களும் உண்டு. அவற்றைச் செய்து பாருங்கள் என்றுதான் தெருவாசிகள் கேட்டார்கள். முதலில் மனு, பிறகு கூட்டம், பிறகு கோர்ட்டு. சட்டம் நகரசபையின் பக்கம் இருந்தது.

2016 நவம்பர் 17-ந் தேதி, விடியுமுன்னே, ரஸ்ட்லிங்ஸ் ரோட்டில் போலீசார் வீட்டுக் கதவுகளைத் தட்டி, வண்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். எட்டு மரங்கள் வெட்டுண்டன. தடுத்து நின்ற எழுபது வயது கடந்த இரண்டு மாதர்களைக் கைது செய்தார்கள். அந்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. இருட்டில் செய்யப்படும் பொதுக்காரியத்தைக் குறித்து ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று அதிகாரிகள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்குப்பின் கூட்டம் பெருகிற்று. 2017-ல் ஹைகோர்ட்டு, வேலி கட்டிய இடத்துக்குள் நுழையலாகாது என்று தடையுத்தரவு போட்டது. சிலர் மரத்தடியிலுள்ள வீட்டுச் சுவரோடு பல்லிபோல் ஒட்டி நின்றார்கள். ஆள் நிற்கையில் கிளையை வெட்டக்கூடாதல்லவா? 1919-ல் யுத்தத்துக்குப் போன பள்ளி மாணவர்களின் நினைவாக நட்ட மரங்களும் பட்டியலில் இருந்ததால், பாட்டன் பெயரைச் சொல்லி வந்தவர்களும் உண்டு.

தடையுத்தரவை மீறியது சரியா என்று சிலர் கேட்பீர்கள். மீறியவர்கள் தண்டனையை மறைந்து தவிர்க்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் நின்றார்கள். எனினும் அதைச் சுலபமாய்ப் புகழ எனக்கு மனமில்லை. உத்தரவைப் பெறுவதற்காகக் கோர்ட்டில் சொல்லப்பட்டது மெய்தானா என்பதே என் மனதை அதிகம் உறுத்துகிற கேள்வி.

17,500 என்பது இலக்கே அல்ல, வெட்டுவது கடைசி உபாயம் மட்டுமே என்று நகரசபை பல வருஷம் சொல்லிவந்தது. 2018 மார்ச்சில் கண்டிராக்டின் மறைத்திருந்த பகுதி வெளியானபோது அந்த எண் அதிலேயே காணப்பட்டது. அம்மாதமே வேலை நிறுத்தப்பட்டது. அதற்குள் 5,000-க்கு மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. மீந்தவற்றை மறுபடி சோதித்தபோது, பலவற்றை வைத்துக்கொண்டே நடைபாதையைச் சீராக்க முடிந்தது. எல்ம் மரமும் அப்படித் தப்பியது.

ஐக்கிய நாடுகள் சபையில் உயர் பதவி வகித்த சர் மார்க் லோகாக் விசாரணை நடத்தி, 2023 மார்ச்சில் அறிக்கை தந்தார். நகரசபை ஜனங்களுக்கும், கோர்ட்டுக்கும், தானே நியமித்த மரக் குழுவுக்கும் உண்மைக்கு மாறான தகவல் தந்தது என்று கண்டார். அவ்வருஷம் ஜூனில் நகரசபை பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டது. நகரசபையும் கம்பெனியும் போராடிய தெருவாசிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, தெருமரங்களைப் பற்றிய திட்டத்தை அதற்கு முன்பே, 2021-ல், எழுதி முடித்திருந்தார்கள்.