இசைக்கு இலக்கணம் கண்ட ஆசான்

இலக்கணம் என்றவுடன் முகம் சுளிக்கும் மாணவர் பலர். அஃது உள்ளத்தைப் பிணிக்கும் தளை என்பது அவர்தம் எண்ணம். ஆயின், தளைபோலத் தோன்றும் இலக்கணமே கருத்தைத் தடையின்றி வெளியிடத் துணைபுரிகின்றது. இவ்வுண்மை மொழிக்கு மட்டுமன்றி இசைக்கும் பொருந்தும். அதனைத் தம் வாழ்வால் விளக்கியவர் ஜப்பான் நாட்டு இசையாசிரியர் ஹிதேயோ சைத்தோ ஆவார்.

சைத்தோ 1902ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஹிதேசபுரோ சைத்தோ, ஆங்கில இலக்கண நூல்களும் அகராதிகளும் இயற்றிய பேரறிஞர். மைந்தரின் உள்ளமோ செல்லோ என்னும் நரம்புக் கருவியின்பால் சென்றது. வயலினினும் பெரிதாகிய அக்கருவியை, அமர்ந்தவாறு முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைப்பர். அதனைச் செவ்வனே கற்க விழைந்த சைத்தோ, ஜெர்மனி சென்று லைப்சிக் நகரில் ஜூலியஸ் கிளெங்கல் என்பாரிடம் பயின்றார். 1927இல் தாயகம் திரும்பி, டோக்கியோவின் புதிய சிம்பனி இசைக்குழுவில் செல்லோ வாசிப்போருக்குத் தலைமை தாங்கினார். புகழ் பெற்ற பின்னரும் தம் கல்வி நிரம்பிற்று என அவர் எண்ணவில்லை. 1930இல் மீண்டும் ஜெர்மனி சென்று, தம்மினும் வயதில் இளையவரான இமானுவேல் ஃபாயர்மனிடம் மாணவராய் அமர்ந்தார். இளையவரிடம் கற்க நாணாத பண்பே அவரைப் பின்னாளில் நல்லாசிரியர் ஆக்கியது.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிவுற்றபோது டோக்கியோ நகரின் பெரும்பகுதி சாம்பராய்க் கிடந்தது. உணவும் உறையுளும் அரிதாகிய அந்நாளில், 1948ஆம் ஆண்டு, சைத்தோவும் நண்பர் சிலரும் சிறுவர்க்கென ஓர் இசைப்பள்ளி தொடங்கினர். வயிற்றுக்கே வழியற்ற காலத்தில் வயலின் எதற்கு என்று எவரும் வினவியிருக்கலாம். அழிந்த வீடுகளை மீண்டும் கட்டலாம். கல்லாது கழிந்த இளமையை மீட்டல் இயலாதன்றோ! அச்சிறு பள்ளியே வளர்ந்து தோஹோ இசைக் கல்லூரி ஆயிற்று.

பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் இசைக்குழுவை, கையில் சிறுகோல் ஏந்தி நடத்துபவர் இசை நடத்துநர். அவர் தாமாக ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. அவர் கையசைவே பிறர்க்கு ஆணை. இக்கலை பிறவியிலேயே அமைவது. கற்பித்தற்கு அரியது எனப் பலர் கருதினர். சைத்தோ அவ்வாறு கருதவில்லை. தந்தையார் மொழியைப் பகுத்து ஆராய்ந்தது போலவே, மைந்தர் கையசைவைப் பகுத்து ஆராய்ந்தார். தரையில் வீழ்ந்த பந்து துள்ளுவது போலக் கை விழுந்தெழுவது ஒருவகை. நீரை முகப்பது போல வளைந்தெழுவது மற்றொருவகை. விரைவு மாறாது ஒரே சீராய்ச் செல்வது பிறிதொருவகை. இவ்வாறு வகைப்படுத்தி, 1956இல் நூலாகவும் வெளியிட்டார்.

அவரிடம் பயின்றோருள் சேஜி ஒசாவா ஒருவர். பியானோ பயின்ற அவ்விளைஞர், ரக்பி ஆட்டத்தில் விரல் முறிந்தமையால் மனம் தளர்ந்தார். கருவி வாசிக்க இயலாத அவருக்குக் குழுவை நடத்தும் கலை புதுவழி காட்டியது. சைத்தோவிடம் அக்கலையைப் பயின்ற அவர், 1959இல் பிரான்சு நாட்டுப் பெசான்சோன் நகரில் நடந்த போட்டியில் முதற்பரிசு பெற்றார். பின்னர் 1973 முதல் 2002 வரை அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

சைத்தோ கடுஞ்சினம் உடையவர்; அவர் வகுப்புக்கு மாணாக்கர் அஞ்சியதுண்டு. ஆயினும், பிழையைப் பொறாத அவ்வாசிரியர் உழைப்பிலும் ஒருநாளும் குறை வைத்தாரல்லர். சினம் மறைந்தது, கல்வி நின்றது. 1974இல் அவர் காலமானார். பத்தாண்டு கழித்து, 1984இல், பல நாடுகளில் வாழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் ஒன்றுகூடி, ஆசிரியர் நினைவாக இசை நிகழ்த்தினர். வெவ்வேறு குழுக்களில் பழகியவராயினும், ஒரே ஆசானிடம் பயின்றமையால் அவர்கள் வில்கள் ஒன்றுபட்டு அசைந்தன. அதுவே சைத்தோ நினைவு இசைக்குழுவாக நிலைபெற்று, 1992 முதல் மட்சுமோட்டோ நகரில் இசைவிழாவும் கண்டது.

மாணவர்களே! கல்லில் நாட்டும் நினைவுச் சின்னம் காலத்தால் தேயும். மாணாக்கரின் கைகளில் வாழும் கல்வியோ, அவர்தம் மாணாக்கர்க்கும் சென்று தழைக்கும். முறையறிந்து கற்பதும், கற்றதைப் பிறர்க்கு ஈவதுமே ஆசிரியர்க்கு நாம் செலுத்தும் மெய்யான காணிக்கை.