விக்கிரமனைத் தோளில் சுமந்தவர்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர், வரலாற்றுத் துறை)

முருங்கை மரமும் வேதாளமும் தெரியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. மூலக்கதையில் வேதாளம் தொங்கியது சிம்சுபா மரத்தில் என்பர் வடமொழி கற்றோர். அதை நம் வீட்டுக் கொல்லை முருங்கைக்கு இடம் மாற்றி, ஒரு பழமொழியும் செய்து கொண்டது தமிழ். ஆனால் அந்தச் சுடுகாட்டையும், உருவிய வாளுடன் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் மன்னனையும் நம் கண்ணுக்குக் காட்டியவர் ஒரே ஒரு மனிதர். ஓவியர் சங்கர் என்று கையொப்பமிட்ட கே. சி. சிவசங்கரன் அவர்கள். படத்தை அறிந்தோர் பல்லாயிரம். பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. இக்குறை கருதியே இக்கட்டுரை எழுதலானேன்.

தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவு என்னும் சிற்றூரில் 1924ஆம் ஆண்டு பிறந்தார் சங்கர். 1934இல் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போது அவர் கையின் திறனைக் கண்டுகொண்டவர் ஓவிய ஆசிரியர். மற்றவரைப் போல் பி.ஏ. படிக்கப் போகாதே, ஓவியப் பள்ளிக்குப் போ என்று வழிகாட்டியவரும் அவரே. ஓவியம் கற்றால் சோறு கிடைக்குமா என்று ஊர் கேட்கும் காலம் அது. (இன்றும் கேட்கிறது, அதைப் பின்னர்ச் சொல்வேன்.) சென்னை அரசு ஓவியப் பள்ளியில் அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த அதே கை. உடற்கூறு, தசையின் இழுவிசை, பாரம் சுமப்பவன் நிற்கும் நிலை ஆகியவற்றில் அவருக்கிருந்த பிடிப்பு அச்சிலையில் தெரியும். பிணம் சுமக்கும் விக்கிரமனை அச்சிலையின் அருகில் வைத்து எண்ணிப் பார்த்தால், ஆசிரியரின் பாடம் மாணவரிடம் எங்கே வந்து சேர்ந்தது என்பது விளங்கும். இஃது என் கருத்தேயன்றி வேறெவரும் சொன்னதன்று.

படிப்பு முடித்து 1946இல் 'கலைமகள்' இதழில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சூலையில் நாகிரெட்டியாரும் சக்கரபாணியும் சேர்ந்து தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர். 'மாயா பஜார்' படத்தைத் தந்தவர்களும் இவர்களே. 1952இல் சங்கர் அங்கு வந்தார். அதன் பின் அவ்விதழ் அடங்கும் வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் வேறு இடம் தேடவில்லை. 'சித்ரா' என்ற பெயரில் வரைந்த மற்றோர் ஓவியரும் அவரும் அவ்விதழின் இரு கண்கள் எனலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவ்விதழ் பல மொழிகளில் வெளியாயிற்று; படங்கள் மட்டும் எல்லா மொழிக்கும் பொது. கன்னடப் பிள்ளையும் மராத்திப் பிள்ளையும் ஒரியப் பிள்ளையும் அதே படத்தைப் பார்க்கும். எனவே படத்துக்குள் எழுத்து வரலாகாது. இவன் அரசன், இவன் வணிகன், இவள் மாமியார் என்பதை உடையும் நிற்கும் விதமும் முகமும்தாம் சொல்ல வேண்டும். ஒரு நாட்டு மக்களுக்குரிய தலைப்பாகையை வரைந்தால் இன்னொரு நாட்டார் அந்நியமாக உணர்வர். எல்லோருக்கும் 'நம் ஊர்' என்று தோன்றும் ஓர் ஊரை ஓவியர் படைத்தாக வேண்டும். அந்தப் பழைய மண்டபமும் ஆலமரமும் குளக்கரையும் எந்த மாவட்டத்தவை? எல்லா மாவட்டத்தவையும்தாம்!

அச்சுக்கலையின் நெருக்கடியும் உண்டு. அக்காலத்தில் கறுப்பு மையால் வரைந்த கோட்டோவியத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து 'பிளாக்' எடுப்பர். மிக மெல்லிய கோடு அறுந்து போகும். நெருக்கமான கோடுகள் மை அப்பி ஒன்றாகிவிடும். எந்தக் கோடு பிழைக்கும் என்று அறிந்து வரைபவரே பத்திரிகை ஓவியர்.

வேதாளக் கதைகள் மூலத்தில் இருபத்தைந்தே. அவை தீர்ந்த பின்னும் ஆசிரியர் குழுவினர் புதுக் கதைகளை அதே சட்டத்தில் பொருத்தினர். மன்னன் மாதந்தோறும் நடந்துகொண்டே இருந்தான்.

என் ஆயா கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறார். எழுத்து அறியார். யாரோ ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது விட்டுச் சென்ற பழைய அம்புலிமாமா கட்டு ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டப் பழகாத வயதில் ஆயா அப்படங்களைப் பார்த்துத் தாமே கதை சொல்வார். விக்கிரமன் படத்தைக் காட்டி, "பொணத்துக்கு எதுக்குடா வாளு? ராசாவுக்குப் பயம். பயந்துக்கினேதான் போறான், ஆனா போறான் பாரு" என்றார். பின்னர் நானே அக்கதைகளைப் படித்தேன். மன்னனின் துணிவைப் பற்றி நிறைய எழுதியிருந்தது. அவன் அச்சத்தை எழுத்தில் நான் காணவில்லை. ஆயா அதைக் கோட்டில் கண்டிருக்கிறார். பிற்காலத்தில் அவ்விதழ் சந்தாலி மொழியிலும் வெளிவந்தது என்று அறிந்தபோது, எங்கோ ஒரு சந்தாலிக் கிழவியும் அப்படங்களைப் பார்த்து இப்படி ஒரு கதை சொல்லியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

2007இல் இதழ் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் நின்றது. சங்கர் நிற்கவில்லை. முதிய வயதிலும் 'ராமகிருஷ்ண விஜயம்' இதழுக்கு வரைந்தார். 2020 செப்டம்பரில் தமது 96ஆம் வயதில் மறைந்தார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. அறுபது ஆண்டுப் பணிக்கு அரசின் விருது அவர் கண்ணால் காண வரவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

என் சித்தப்பா மகன் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கோமுகி அணையையும், மேகம் அருவியையும், சந்தைக்குக் கடுக்காய் மூட்டை சுமந்து இறங்குவோரையும் கரிக்கட்டியால் சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கிறான். "போலீசுத் தேர்வுக்குப் படிடா, சுவரைக் கெடுக்காதே" என்கிறார் சித்தப்பா. அவரைக் குறை சொல்ல இயலாது. மலையில் மாதச் சம்பளம் வரும் வீடுகள் எத்தனை என்பது அவருக்குத் தெரியும். சங்கருக்கு ஓர் ஓவிய ஆசிரியர் வாய்த்தார். இவன் பள்ளியில் ஓவிய ஆசிரியரே இல்லை.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சேர்க்கை விவரத்தை எழுதி எடுத்துக்கொண்டு வரும் விடுமுறையில் மலைக்குப் போகிறேன். சித்தப்பாவிடம் பேசும்போது ஆயாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதாக எண்ணம்.