விலங்குகளின் வாழிடமும் சிறுவர் கல்வியும்

உலகப் படத்தை விரித்து வைத்து, ஒட்டகம் பாலைவனத்திலும் பனிக்கரடி துருவத்திலும் கங்காரு அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றன எனச் சிறுவர்க்குக் கூறுகின்றோம். அவர்களும் அதனை மனனஞ் செய்து பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். எனினும், "அவ்விலங்கு அங்கே வாழ்வது ஏன்?" என்று வினவுமிடத்து வகுப்பு மௌனமாகிவிடுகின்றது. விலங்கின் பெயரையும் இடத்தின் பெயரையும் அறிந்த பிள்ளை, இரண்டையும் பிணைக்குங் காரணத்தை அறியவில்லை. அக்காரணமே பாடம் என்பது எமது துணிபு.

சிறுவர் பட நூல்கள் சிலவற்றிற் பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நிற்கக் காண்கின்றோம். பனிக்கரடி வடதுருவப் பகுதிக்கே உரியது. பென்குயின் இனங்களோ, கலாபகசுத் தீவுகளிற் பூமத்திய ரேகையைச் சிறிது தாண்டி வாழும் சிலவற்றை விட, யாவும் தென்கோளத்துக்கு உரியன. குளிர் ஒன்றே காரணமாயின் இவை இரு துருவங்களிலும் இருத்தல் வேண்டுமன்றோ? இடையிலே பரந்து கிடக்கும் வெப்பக் கடலைப் படத்திற் காட்டி, பறக்கமாட்டாத பறவை இதனை எவ்வாறு கடக்கும் என்று கேட்டால், விடையை மாணவரே கண்டுகொள்வர்.

ஐம்பது விலங்குகளைப் பெயரளவிற் காட்டுவதினும் ஒன்றை ஆழமாகக் கற்பித்தல் நன்று. பேரரசப் பென்குயினை எடுத்துக்கொள்வோம். அந்தாட்டிக்காவின் கடுங் குளிர்காலத்திலே, பெரும்பாலும் உறைந்த கடலின்மேலே, பெண்பறவை ஒரேயொரு முட்டையிட்டு இரைதேடிச் சென்றுவிடும். ஆண்பறவை அம்முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏற்றி, வயிற்றுத்தோலின் மடிப்பினால் மூடிக்கொண்டு, ஏறக்குறைய 65 நாட்கள் உணவின்றி அடைகாக்கும். தந்தைப் பறவைகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றே குளிரைப் பொறுத்துக்கொள்ளும். இவ்வளவும் சொல்லி முடியுமட்டும் பின்வாங்கிற் பிள்ளைகளுங்கூட அசையமாட்டார்கள்.

ஆனால் இங்கு நிறுத்துதல் ஆகாது. குஞ்சுக்கு நீர்புகாத இறகு முளைக்கும்வரை அப்பனித்தளம் உடையாதிருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டிற் பெல்லிங்சாசன் கடற்பகுதியிற் பனி காலத்துக்கு முன்னரே உடைந்து போயிற்று. அங்கிருந்த ஐந்து குடியிருப்புக்களைச் செய்மதிப் படங்கள் மூலம் ஆராய்ந்தோர், அவற்றுள் நான்கிற் குஞ்சுகள் யாவும் அழிந்திருத்தல் வேண்டுமென முடிவு செய்தனர். பறவை பிழை செய்யவில்லை. அதன் காலடியில் இருந்த நிலம் போய்விட்டது. வாழிடம் என்னுஞ் சொல்லின் பொருளை இதனினும் தெளிவாக விளக்கும் உதாரணத்தை யாம் அறியோம்.

ஒட்டகத்தைப் பற்றியும் ஒரு சொல். அதன் திமிலில் இருப்பது நீர் அன்று, கொழுப்பு. அதன் முன்னோர் தோன்றிய இடமோ வட அமெரிக்கா. பாலைவனத்தை மட்டும் காட்டிப் பழகியோர்க்கு இது வியப்பளிக்கும்.

தூர தேசங்களோடு எம்மூர்க் கடற்கரையும் தொடர்புடையதே. 2021ஆம் ஆண்டில் மன்னாரிலே கருவி பொருத்திப் பறக்கவிடப்பட்ட கடற்காகம் ஒன்று, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, வட ருசியாவின் யமால் குடாநாட்டை அடைந்தது. மாரியில் எமது களப்பில் இரைதேடும் பறவை, கோடையில் துருவத்தை அடுத்து முட்டையிடுகின்றது. இதன் வாழிடத்தை உலகப் படத்தில் எங்கே நிறந்தீட்டுவது என்று மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம். மன்னாரில் மட்டும் தீட்டுபவனும், யமாலில் மட்டும் தீட்டுபவனும், இரண்டையும் நீண்ட கோட்டினால் இணைப்பவனும் ஒரே வகுப்பில் இருப்பர். அவர்களைத் தம்முள் வாதிடவிட்டு, ஆசிரியர் சிறிது நேரம் வாய்திறவாதிருக்கலாம்.