நீலக் கட்டியும் காந்த ஸ்கேனும்



பிள்ளைக்குக் கன்னத்திலோ, உதட்டிலோ, கையிலோ நீலமாக, மெத்தென்று ஒரு வீக்கம். அழுதால் பெரிதாகிறது, அமத்தினால் சுருங்குகிறது. உடனே லயத்தில் பேச்சு கிளம்பும்: "கெரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பா." பழி தாயின் தலையில் விழும். முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவில் இரத்தக் குழாய்கள் உருவாகும்போது ஓரிடத்தில் அமைப்பு பிசகிவிடுகிறது. தாய் செய்த குற்றம் எதுவுமில்லை.

இரண்டு விதம்

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் முல்லிக்கன், குளோவாக்கி என்ற இருவர் இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, பிறந்து சில வாரங்களில் தோன்றி, வேகமாக வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் மெல்லச் சுருங்குவது. மற்றது பிறவிக் கோளாறு. அது பிள்ளையோடு சேர்ந்து வளரும், தானாக மறையாது. நாம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

ஸ்கேன் எதற்கு?

தேயிலைச் செடியை மேலே பார்த்து வேர் எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியுமா? இதுவும் அப்படித்தான். தோலில் சின்னதாகத் தெரிவது உள்ளே தசை, எலும்பு, மூச்சுக்குழாய் ஓரம் வரை பரவியிருக்கலாம். அநேகமாக முதலில் சாதாரண வயிற்று ஸ்கேன் மாதிரியான ஒலி ஸ்கேன் எடுப்பார்கள். ஆழமும் பரப்பும் சரியாகத் தெரிய எம்.ஆர்.ஐ. எனும் காந்த ஸ்கேன் வேண்டும். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பலமான காந்தமும் ரேடியோ அலையும் உடம்பிலுள்ள நீரைக் கொண்டு படம் எடுக்கின்றன.

தேங்கி மெதுவாக ஓடும் இரத்தம், இதற்கென எடுக்கும் படத்தில் வெள்ளையாக மின்னும். காட்டாறு போல வேகமாக ஓடும் இரத்தம் படம் பிடிபடுமுன்னே கடந்துவிடும். அந்த இடம் கறுப்பாகத் தெரியும். இந்த வித்தியாசம்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கும். மெதுவான வகைக்குப் பெரும்பாலும் ஊசி மருந்து ஏற்றிச் சுருக்கப் பார்ப்பார்கள். வேகமான வகைக்குக் கோளாறான குழாய்களை உள்ளிருந்தே அடைக்க வேண்டிவரும். தெரியாமல் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது.

போகுமுன் கவனிக்க

தோடு, கொலுசு, ஊக்கு, வெள்ளி அரைஞாண், தகட்டுத் தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கூடப்போகும் தாயும் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்படக்கூடாது. பத்திரமாக வீட்டாளிடம் கொடுக்கலாம். உடம்புக்குள் இரும்புத் துண்டு, கிளிப், இதயக் கருவி இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரக வருத்தம் இருந்தாலும் சொல்லுங்கள்.

மெஷின் "டக், டக்" என்று பலமாகச் சத்தம் போடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதுண்டு. அப்போது "பச்சத் தண்ணியும் குடுக்காதீங்க" என்று சொன்ன நேரத்திலிருந்து ஒன்றும் கொடுக்கக்கூடாது. இரக்கப்பட்டு ஒரு மிடறு பால் கொடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிருக்கு ஆபத்தாகலாம்.

மறக்கக்கூடாதவை

பிளேட்டால் கீறுவது, சூடு வைப்பது, நூல் கட்டுவது வேண்டாம். கட்டி சூடாக இருந்து நாடி போலத் துடித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றப்படி தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள். ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் மழை படாமல் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். பிள்ளை வளர வளர, பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் டொக்டர் அடுத்ததைச் சொல்வார்.