ஆவாரம்பட்டையிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

தாவரப் பன்மையும் பரிணாமமும்தான் இனி உன் வேலை என்று முடிவு செய்துவிட்டாய். மகிழ்ச்சி. "ஆம்பூரில் என்ன சார் இருக்கு? மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போயிடலாமா?" என்று கேட்டிருந்தாய். போகலாம். அதற்கு முன், உன் தாத்தா வேலை செய்த டேனரியின் பழைய குழிகளை ஒருமுறை நினைத்துப் பார்.

குரோம் வருவதற்கு முன் அந்தக் குழிகளில் ஆவாரம்பட்டை ஊறியது. கொன்றைப்பட்டையும் சேர்ந்தது. பிறகு கப்பலில் வாட்டில் பட்டை வந்தது. ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும் என்று கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டார்கள். தோல்காரருக்கு வேண்டியது துவர்ப்பு; அது எந்த மரத்திலிருந்து வந்தாலும் சரி. நீ கேட்க வேண்டியது, அந்தத் துவர்ப்பு இவற்றுக்கு எப்படி வந்தது என்று. கடுக்காய், கொய்யாவும் நாவலும் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. அதன் கால்வழியும் ஆவாரையின் கால்வழியும் டைனோசார் காலத்திலேயே பிரிந்துவிட்டன. துவர்ப்பைத் தரும் டானினும் இரண்டிலும் வேதியியலில் வேறு வேறு வகை. குழியில் ஒன்றாக ஊறியதால் உறவு என்று எண்ணிவிடக் கூடாது என்பதை உனக்கு இதைவிட நன்றாக எந்த வகுப்பும் சொல்லித் தராது.

ஆவாரையும் கொன்றையும் உறவுதான். எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. லின்னேயஸ் 1753-ல் இரண்டையும் காசியா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். 1832-ல் அச்சான ராக்ஸ்பர்க்கின் நூல் ஆவாரையைச் சென்னாவில் வைத்தது. பெரும்பாலோர் அதைப் பின்பற்றவில்லை. 1982-ல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னெபியும் அந்தப் பெரிய காசியாவை மூன்றாகப் பிரித்த பிறகுதான் சென்னா நிலைபெற்றது. ஒரு கைலென்ஸ் எடுத்துக்கொண்டு நீயே பார். கொன்றைப் பூவில் மூன்று மகரந்தக்கம்பிகள் மட்டும் நீண்டு, இரட்டையாக வளைந்து எழும்பும். ஆவாரையில் அந்த வளைவு கிடையாது. அதன் மகரந்தப்பைகள் நுனித் துளை வழியாகத் திறக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைப் பற்றி அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். காலை வேளையில் செடியருகே நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். டி.என்.ஏ. வரிசை பார்ப்பதற்கு முன் அதைக் கேட்டுவிடு.

பெயர் மாறுகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நம் கருவேலம் அகேசியாவாக இருந்து வச்செலியா ஆனது. ஆஸ்திரேலியாவில் பிறந்த வாட்டில் அகேசியாவாகவே நிற்கிறது. 2005-ல் வியன்னா தாவரவியல் மாநாடு எடுத்த முடிவின் விளைவு அது. எனக்கும் மனம் வலித்தது. ஆனால் இரண்டும் ஒரே கிளை இல்லை என்ற உண்மை அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஹெர்பேரியம் தாள் இல்லாமல் எந்த இலையையும் ஆய்வகத்துக்கு அனுப்பாதே. டி.என்.ஏ. வரிசையில் ஐயம் வந்தால் திரும்பிப் பார்க்கச் செடி வேண்டும். இளவயதில் பாலாற்று மணலில் எடுத்த ஒரு கோரையின் தாளில் 'ஆம்பூர் அருகே' என்று மட்டும் எழுதினேன். இருபது ஆண்டு கழித்துத் தேடிப் போனபோது ஆற்றில் மணலே இல்லை. எந்த வளைவில் எடுத்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியத்தை 1967-ல் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூவின் தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரநூல் 1981 முதல்தான் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. அத்தனை ஆண்டுப் பொறுமை அது. கோயம்புத்தூருக்கும் போய், மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் நம் பக்கத்துப் பழைய தாள்களை ஒரு வாரமாவது உட்கார்ந்து பார்.

இனி, ஆம்பூரில் என்ன இருக்கிறது என்ற உன் கேள்விக்கு வருகிறேன். தோல் கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டுப்போனதாகப் பதிவாகியிருக்கிறது. உப்பேறிய அந்த மண்ணிலும் சில புற்கள் நிற்கின்றன. அவை மாறிவிட்டனவா, வெறுமனே தாங்கிக்கொண்டிருக்கின்றனவா? வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கழிவு மேடுகளில் ஈயத்தையும் செம்பையும் தாங்கும் புற்களை வைத்துச் சூழலியலாளர் பிராட்ஷா இதே கேள்வியைக் கேட்டார். நீயும் கெட்ட நிலத்து விதையையும் நல்ல நிலத்து விதையையும் இரண்டு வகை மண்ணிலும் போட்டு வளர்த்துப் பார். ஒரு தலைமுறை போதாது. தாய்ச்செடியின் தாக்கம் விதையில் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வளர்ந்த செடிகளின் விதையை எடுத்து மறுபடி விதை. அதுவரை 'தகவமைப்பு' என்ற சொல்லை நோட்டில் எழுதாதே.

மழை விட்டதும் புற்கள் கதிர் விடும். விதை எடுக்க எந்தப் பக்கம் போகிறாய் என்று சொல். பழைய அழுத்துப்பலகை என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்